பனிச்சறுக்குக்கு முன் படியிறங்கப் பழகுங்கள்

வாசகர் கடிதம்:

வணக்கம் தங்கச்சி. உங்கள் பதில்களை மனைவிதான் எனக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கு வயது 46. சுவிஸில் பேர்ண் நகரத்து உணவகம் ஒன்றின் சமையற்கட்டில் நீண்ட காலமாக வேலை. மகனும் மகளும் பள்ளிக்கூட ஸ்கி (பனிச்சறுக்கு) முகாமுக்குப் போய்ப் போய் நன்றாகப் பழகிவிட்டார்கள். இவ்வளவு காலமும் நான் கீழே கோப்பிக் கடையில் இருந்து பைகளுக்குக் காவல் காத்தேன். வருகிற பெப்ரவரி விடுமுறைக்குக் கிரிண்டல்வால்ட் என்ற மலையூரில் ஒரு கிழமை வீடு எடுத்திருக்கிறோம். "இந்த முறை அப்பாவும் ஸ்கி போடவேணும்" என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். உயரம் 171, நிறை 91 கிலோ. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனவர். மூன்று வருடத்துக்கு முன் வழுக்கி விழுந்து வலது முழங்கால் வீங்கியது. சவ்வில் சின்னக் கிழிசல் என்றார்கள், வெட்டாமலே சுகம் வந்தது. இப்போதும் படி ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது கொஞ்சம் நோகும். நாள் முழுக்க நின்று, நடந்து வேலை செய்கிறேனே, அது போதாதா? ஓடத் தொடங்கலாமா? மருந்துக்கடையில் விற்கிற முழங்கால் உறை போட்டால் பாதுகாப்பா? மனைவிக்கும் ஆசை இருக்கிறது. அவருக்கு 42 வயது, கிழமைக்கு ஆறு மணித்தியாலம் ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்கிறார்.

பதில்:

வணக்கம் அண்ணா. கையில் கிட்டத்தட்டப் பத்துக் கிழமை இருக்கிறது. நீலப் பாதையில், அதாவது சுலபமான சரிவில், மகளோடு நிதானமாக இறங்கி வர அது போதும். அதைவிடக் கடினமான சிவப்புப் பாதையில் மகனைத் துரத்திக்கொண்டு போகப் போதாது. இந்த அளவுக்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம்.

பயிற்சி தொடங்குமுன் குடும்ப வைத்தியரிடம் ஒரு டெர்மின் (சந்திப்பு நேரம்) எடுங்கள். பிரஷர், அப்பாவின் மாரடைப்பு, 46 வயது, மூச்சு வாங்கும் வேலை எதையும் பல வருடமாகக் கேட்டுப் பழகாத உடம்பு. இந்த நாலும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும்போது பிசியோதெரபிஸ்டாகிய நான் தனியாகத் தலையாட்ட மாட்டேன். ஸ்கி மலையில் சாவு என்றதும் எல்லாருக்கும் பனிச்சரிவும் மரத்தில் மோதுவதும்தான் நினைவுக்கு வரும். காயம் ஒன்றும் இல்லாமல், பாதையிலேயே இதயம் நின்றுபோகிற நடுவயது ஆண்களைப் பற்றி ஆஸ்திரிய ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே இதய நோய் கண்டவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கடுமையான அசைவு பழக்கமில்லாதவர்கள் ஆகியோருக்கே ஆபத்து கூட. அதுவும் விடுமுறையின் முதல் நாட்களில். வீட்டில் சோபாவில் இருந்த உடம்பைத் திடீரென்று குளிருக்குள்ளும் உயரத்துக்கும் கொண்டுபோய் வேலை வாங்குகிற நாட்கள் அவை. எங்கள் ஆட்களுக்கு இதய நோயும் சலரோகமும் ஐரோப்பியரைவிட முந்திய வயதிலேயே வருவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஈசிஜி எடுத்து, தேவை என்றால் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்லி நீங்களே கேட்கலாம். "ஸ்கிக்குப் போகப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வழமையான பிரஷர் பரிசோதனைக்கு வந்த ஆள் என்று நினைத்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடக்கூடாது. குளிசை எந்த வகை என்றும் கேளுங்கள். இதயத்துடிப்பைக் குறைக்கிற பீட்டா புளொக்கர் வகை என்றால் நாடித்துடிப்பை எண்ணிப் பயிற்சியின் வேகத்தை அளக்க முடியாது. அப்படியானவர்கள் பேச்சை வைத்து அளக்கவேண்டும்: நடக்கும்போது ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் கூடிவிட்டது.

இனி உங்கள் முதல் கேள்வி. சமையற்கட்டில் பத்து மணித்தியாலம் நிற்பது உடம்பை உழைக்கவைக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிற்கும்போது முழங்கால் நேராகப் பூட்டியபடி இருக்கிறது. நிறையை எலும்பு தாங்குகிறது, தொடைத்தசைக்கு வேலை மிகக் குறைவு. ஸ்கியில் முழங்கால் ஒருபோதும் நேராகாது. மடித்த முழங்காலோடு உங்கள் நிறை முழுவதையும் தொடைதான் தாங்கவேண்டும், அதுவும் சறுக்குகிற நேரம் முழுக்க. இப்போதே ஒருமுறை செய்து பாருங்கள்: முதுகைச் சுவரில் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல் முழங்காலை மடித்து நில்லுங்கள். இவ்வளவு காலம் நின்று வேலை செய்த கால், ஒரு நிமிடத்துக்குள் நடுங்கத் தொடங்கும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், அடக்கினால் பிரஷர் ஏறும்.

பனிச்சறுக்கில் உங்களை முன்னே தள்ளுவது மலை. உங்கள் கால் செய்வதெல்லாம் தடுப்பதுதான். மலைப்பாதையில் இறங்குகிற பஸ்ஸுக்கு எஞ்சினைவிடப் பிரேக்தான் முக்கியம் இல்லையா, அந்தக் கதை. தசை சுருங்கி வேலை செய்வது ஏறும்போது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் வேறு வேறு வேலை. நீண்டுகொண்டே பிடிப்பதற்குப் பழக்கமில்லாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்படும். நோவு உடனே தெரியாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். ஸ்கிக்குப் போனவர்கள் மூன்றாம் நாள் கழிவறையில் இருந்து எழும்பச் சுவரைப் பிடிப்பது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், அந்தத் தசைக்கு ஒருமுறை இந்த வேலையைக் காட்டிவிட்டால் அடுத்த முறை அதே வேலை அவ்வளவு சேதம் செய்யாது. அந்தப் பாதுகாப்பு பல கிழமைக்கு நிற்கும்.

நீங்கள் போகிற இடத்துக்கு மலையின் மறுபக்கம்தான் வெங்கன், லௌபர்ஹோர்ன் ஸ்கிப் போட்டி நடக்கும் ஊர். ஜனவரியில் தொலைக்காட்சியில் பாருங்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோமீற்றர் இறக்கம், இரண்டரை நிமிடம். உலகத்தின் மிகச் சிறந்த வீரர்களுக்கே கடைசி வளைவுகளில் கால் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியும். அவர்களுக்கும் மூச்சுக்கு முந்தித் தொடைதான் கைவிடுகிறது.

ஆகவே ஓடத் தொடங்கவேண்டாம். 91 கிலோவும் பழைய சவ்வுக் கிழிசலும் உள்ள முழங்காலுக்குத் தார்வீதியில் ஓட்டம் நல்ல ஆரம்பமில்லை, ஸ்கிக்கு வேண்டிய பலத்தையும் அது பெரிதாகத் தராது. இறங்கப் பழகுங்கள். பேர்ணில் இருக்கிற உங்களுக்கு அதற்கு வாய்ப்பான இடம் நகரத்துக்குப் பக்கத்துக் குர்ட்டன் மலை. எல்லாரும் ஏறி நடந்துவிட்டு, முழங்காலைக் காப்பாற்ற ரயிலில் இறங்குவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யவேண்டும். 9ஆம் இலக்க ட்ராமில் வாபர்ன் போய், குர்ட்டன் ரயிலில் ஏறுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமை உச்சிக்குப் போகவேண்டாம், நடுவில் உள்ள குருனன்போடன் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து கீழே நடந்து வாருங்கள். முழங்கால் சண்டை பிடிக்கவில்லை என்றால் பிறகு உச்சியிலிருந்து. முழு இறக்கம் ஏறத்தாழ 270 மீற்றர். சின்ன அடியாக, பாதம் சத்தமில்லாமல் பதிய, முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்திருக்க இறங்குங்கள். தடதடவென்று குதியால் இடித்து இறங்கினால் பாரம் மூட்டுக்குப் போகும், தசைக்குப் போகாது. கிழமைக்கு ஒருமுறை போதும், உங்கள் ஓய்வுநாளில். பாதை உறைந்திருந்தால் போகவேண்டாம், வீட்டு மாடிப்படி இருக்கிறது: லிஃப்டில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

இடையில் இன்னொரு நாள், மேட்டில் ஏறுகிற விறுவிறு நடை அரை மணித்தியாலம். இது இதயத்துக்கும் மூச்சுக்கும். வைத்தியர் சரி என்ற பிறகுதான்.

வீட்டுப் பயிற்சிகளை ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யுங்கள். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து செய்வேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் வருகிற உணவக வேலைக்காரர் எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், ஒரு கிழமைக்கு மேல் நடந்ததில்லை. உங்களுக்குப் பின்னேரம் சிம்மர்ஸ்டுண்டே, இரண்டு வேலை நேரத்துக்கும் இடையிலான ஓய்வு, இருக்கும்தானே. அதில் இருபத்தைந்து நிமிடம் எடுங்கள், மிச்சத்துக்குப் படுங்கள்.

முதலாவது, கதிரை. அதன் முன்னால் நின்று, மனதுக்குள் நாலு எண்ணி மெதுவாக இருங்கள். பின்புறம் கதிரையைத் தொட்டதும், பாரத்தை விடாமல் எழும்புங்கள். குதிகால் நிலத்தை விட்டுக் கிளம்பக்கூடாது. எட்டுத் தடவை, ஓய்வு, திரும்ப எட்டு, இன்னொரு எட்டு. பிள்ளையார் முன்னால் போடுகிற தோப்புக்கரணம்தான் இது, ஆழம் குறைவு, வேகமும் குறைவு. காதைப் பிடிப்பது உங்கள் விருப்பம். மூன்றாம் கிழமைக்குப் பிறகு கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பயிற்சிதான் முக்கியமானது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மாடிப்படியின் கடைசிப் படியில், முன்னே கண்ணாடி வைக்க வழியிருந்தால் வைத்து, கைப்பிடியை விரல் நுனியால் தொட்டபடி வலது காலில் நில்லுங்கள். இடது காலை முன்னே நீட்டி, அதன் குதிகால் கீழ்த்தரையைத் தொடும்வரை வலது முழங்காலை மெல்ல மடியுங்கள். தொட்டதும் அந்தக் காலில் பாரம் போடாமல் திரும்ப மேலே வாருங்கள். இப்போது கண்ணாடியில் வலது முழங்காலைப் பாருங்கள். அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே முன்னால் போகவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது உள்பக்கமாக, மற்றக் காலை நோக்கிச் சாயும். இடுப்பும் ஒரு பக்கம் விழும். அப்படிச் சாய்ந்தால் குற்றம் முழங்காலில் இல்லை, இடுப்பின் பக்கத்தில் இருக்கிற தசை தூங்குகிறது என்று அர்த்தம். படியின் உயரத்தைக் குறையுங்கள். தடித்த தொலைபேசிப் புத்தகம் இந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் இல்லை, ஒரு பலகைத் துண்டு போதும். சாயாமல் வருகிற உயரத்தில் ஒவ்வொரு காலுக்கும் எட்டு. பிறகு கிழமைக்குக் கிழமை உயர்த்துங்கள். ஸ்கியில் கிழியும் முழங்கால்களில் அநேகம் இப்படி உள்ளே மடிந்துதான் கிழிகின்றன.

தொடையின் முன்பக்கம் மட்டும் பலத்தால் போதாது. பின்தொடைத்தசை கீழ்க்கால் எலும்பு முன்னே வழுகாமல் பின்னாலிருந்து பிடிக்கிறது. அதற்கு, மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குதிகாலால் நிலத்தை அழுத்தி இடுப்பை உயர்த்துங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து மெல்ல இறக்குங்கள். பத்துத் தடவை சுலபமாக வந்ததும் ஒரு காலில் செய்யலாம். முன்னர் சொன்ன சுவர்ச் சாய்வு நிலை இருபது விநாடியில் தொடங்கி, ஒன்றரை நிமிடம் வரை. பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது நாரிக்கு. மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், நீங்களும் நில்லுங்கள்: பல் தீட்டும்போது ஒரு நிமிடம் வலது, ஒரு நிமிடம் இடது. பழகிய பிறகு கண்ணை மூடி.

ஆறாம் கிழமையிலிருந்து, முழங்கால் அமைதியாக இருந்தால் மட்டும், தரையில் ஒரு கோட்டின் இரு பக்கமும் சின்னதாகத் தாவலாம். உயரம் வேண்டாம். தரையில் விழும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக்கூடாது, அதுதான் அளவு. முழங்கால் முறுமுறுத்தால் தாவலை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நீள அடி வைத்துத் தாழ்ந்து எழும்புங்கள். பழகுநர்கள் ஸ்கி முனைகளை ஒன்றுசேர்த்து, பின்பக்கத்தை விரித்து ஆப்புப்போல் வைத்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்கு இதைப் பீட்சா என்று சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் மூன்று நாள் நீங்கள் பீட்சாவில்தான் இருப்பீர்கள். அதற்கு உள்தொடையும் இடுப்பும் வேலை செய்யவேண்டும், பக்கவாட்டு அடி அதற்குத்தான்.

இன்னொன்று கணுக்கால். ஸ்கிச் சப்பாத்து கணுக்காலை முன்னே சாய்த்தபடி பூட்டிவிடும். அந்தச் சாய்வு உங்கள் கணுக்காலில் இல்லையென்றால் உடம்பு பின்னே விழும், தொடை இரட்டிப்பாக எரியும். சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் பாதத்தை வைத்து, குதி கிளம்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முடியவில்லை என்றால் ஒவ்வொரு நாளும் கெண்டைக்காலை இழுத்துவிடுங்கள். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இது அநேகமாக இறுகிப்போய்த்தான் இருக்கும்.

நோவைப் பற்றி. பத்துக்கு மூன்று அளவு நோவு பயிற்சியின்போது இருக்கலாம். அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடருங்கள். காலையிலும் இருந்தால் அடுத்த முறை படி உயரத்தையும் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். வீக்கம் வந்தாலோ, முழங்கால் நடுவழியில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது சட்டென்று கைவிட்டாலோ பயிற்சியை நிறுத்துங்கள். அது வெறும் தசைப் பலவீனமாக இல்லாமல், சவ்வு அல்லது தசைநார் விஷயமாக இருக்கலாம். நேரில் காட்டவேண்டும். உண்மையில், இறங்கும்போது மூன்று வருடமாக நோகிறது என்பதே காட்டவேண்டிய விஷயம்தான். வைத்தியரிடம் போகும்போது பிசியோதெரபிக்கும் ஒரு சீட்டுக் கேளுங்கள். ஒரு சீட்டில் ஒன்பது தடவை வரை கிடைக்கும். நான் எழுத்தில் சொல்கிற கண்ணாடி வேலையை அங்கே ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்துவார்.

முழங்கால் உறை சூடு தரும், தைரியமும் தரும். முறுக்கைத் தடுக்காது. போட விருப்பம் என்றால் போடுங்கள். ஆனால் அதை நம்பி ஒரு பாதையும் கூடுதலாக இறங்கவேண்டாம்.

நிறை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பத்துக் கிழமையில் மூன்று நாலு கிலோ குறைந்தால் முழங்காலுக்கு நல்லது. பட்டினி கிடந்து பத்துக் குறைத்தால் தசையும் சேர்ந்து போய்விடும், பிறகு பிரேக்குக்கு எங்கே போவது? வேலை முடிந்து நடுச்சாமத்தில் சாப்பிடுகிற கோப்பைச் சோற்றைப் பாதியாக்கி, பருப்பு, முட்டை, மீன் பங்கைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் வாடகைக் கடையில் நிறையைக் கேட்கும்போது தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று வெட்கப்பட்டு எண்பது என்று சொல்கிறவர்களும், பகிடிக்கு வயதைக் குறைக்கிறவர்களும் உண்டு. சப்பாத்தை ஸ்கியோடு பூட்டி வைக்கும் பிண்டுங் எவ்வளவு விசையில் கழரவேண்டும் என்பதை நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். திறமையைக் கேட்டால் "இப்போதுதான் தொடக்கம்" என்று சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் பிண்டுங் இறுகிவிடும், விழும்போது ஸ்கி கழராது. சப்பாத்துக்கு ஒரேயொரு மெல்லிய நீளக் காலுறை, குளிர் என்று இரண்டு போடவேண்டாம். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னே முட்டி, முழங்காலை மடித்ததும் பின்வாங்கினால் அளவு சரி. வழமையான சப்பாத்துப்போல் தாராளமாக இருந்தால் பெரிது.

பிண்டுங் வந்த பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்காலுக்குள் இருக்கிற சிலுவைத் தசைநார், இங்கே க்ராய்ட்ஸ்பாண்ட் என்பார்களே, அதை மட்டும் பிண்டுங்கால் காப்பாற்ற முடியவில்லை. அது போகிற விதங்களில் நன்றாகத் தெரிந்த ஒன்று இது: சமநிலை பின்னே சாயும், இடுப்பு முழங்காலைவிடத் தாழும், கை பின்னே போகும், பள்ளப்பக்கத்து ஸ்கியின் வால் பனியில் கௌவி முழங்காலை உள்ளே திருகும். கதிரையில் இருக்கப்போவதுபோல் பின்னே சரிகிற அந்தக் கணம்தான் ஆபத்து. அமெரிக்காவின் வேர்மொண்ட் ஆய்வாளர்கள் ஸ்கி மலை ஊழியர்களுக்கு இப்படியான விழுகைகளின் காணொளிகளைக் காட்டி, அந்த நிலையை முன்கூட்டியே இனங்காணப் பழக்கினார்கள். பழக்கப்பட்டவர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 வீதம் குறைந்ததாக 1995இல் எழுதினார்கள். உங்களுக்கு அதிலிருந்து வேண்டியது இவ்வளவு: கைகள் எப்போதும் முன்னே, கண்ணில் படும்படி இருக்கட்டும். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் விழுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழும்ப முயலாதீர்கள், முழுதாக நின்ற பிறகு எழும்புங்கள். ஸ்கித் தடிகளின் வாரைக் கையில் மாட்டவேண்டாம். மாட்டியபடி விழுந்தால் பெருவிரலின் அடி நார் கிழியும், பெருவிரல் இல்லாமல் சமையற்கட்டில் கத்தி பிடிக்க ஏலாது.

சொன்னால் சிரிப்பீர்கள், தொடக்கக்காரரை மிகவும் களைக்கவைப்பது சறுக்குவது அல்ல, விழுந்து எழும்புவது. உடம்பில் 91 கிலோ, காலில் சப்பாத்தும் ஸ்கியும். வீட்டுக் கம்பளத்தில் இப்போதே பழகுங்கள். பக்கவாட்டில் படுத்து, இரண்டு முழங்காலையும் ஒரு பக்கமாக மடித்து, கையை இடுப்புக்கருகில் ஊன்றி, முன்னே சாய்ந்தபடி எழும்புங்கள். மலையில் ஸ்கிகள் இரண்டும் உடம்புக்குக் கீழே, பள்ளத்துக்குக் குறுக்கே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எழும்பியவுடன் ஓடத் தொடங்கும். முடியவில்லை என்றால் மேல்பக்கத்து ஸ்கியைக் கழற்றிவிட்டு எழும்புங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

கடைசி மூன்று நாள் பயிற்சி வேண்டாம், ஓய்ந்த காலோடு போங்கள்.

அங்கே போனதும் பிள்ளைகள் "நாங்கள் பழக்குகிறோம் அப்பா" என்பார்கள். வேண்டாம். அவர்கள் நன்றாகச் சறுக்குவார்கள், கற்பிக்கத் தெரியாது. உங்களுக்குக் கோபமும் வரும். ஸ்கிப் பள்ளியில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் முதல் மூன்று காலையும் சேருங்கள். கிரிண்டல்வால்டில் ஊருக்குக் கிட்டவே போட்மியில் தொடக்கக்காரருக்கான சரிவு இருக்கிறது. மேலே உள்ள ஸ்கி இடங்களில் கிளைன ஷைடெக் 2,061 மீற்றர், ஃபிர்ஸ்ட் 2,168 மீற்றர். அந்த உயரங்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாள் போனால் போதும். முதல் நாள் மத்தியானத்தோடு நிறுத்துங்கள். மூன்றாம் நாள் தொடை நோவு உச்சத்தில் இருக்கும்போது அரைநாள் ஓய்வெடுங்கள். "கடைசியாக ஒருக்கால்" என்று மகன் கூப்பிடும்போது மறுக்கத்தான் எனக்குத் தெரிந்து மிகுந்த பயிற்சி வேண்டும். களைத்த கால் பின்னே சாயும், பின்னே சாய்ந்தால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டோடு வைன் வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோவு, வழமைக்கு மாறான மூச்சிளைப்பு எது வந்தாலும் "குளிர்தான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் அங்கேயே நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அண்ணி தாராளமாக வரலாம். இதே பயிற்சிகள்தான், கண்ணாடி முன் படியிறங்குவதில் மட்டும் உங்களைவிடக் கவனம் வேண்டும். பெண்களுக்குச் சிலுவைத் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் கிழமை தவறாது.

அவருக்கு இன்னொரு விஷயம் பார்க்கவேண்டும், நீங்கள் எழுதிய ஆறு மணித்தியாலம் கண்ணில் பட்டதால் சொல்கிறேன். இந்த நாட்டில் ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்தால்தான் விடுமுறையில் நடக்கும் விபத்துக்கு வேலையிடக் காப்புறுதி பொறுப்பெடுக்கும். உங்களுக்கு அது இருக்கும். அவருக்கு இருக்காது. அவருடைய கிராங்கன்காச (மருத்துவக் காப்புறுதி) பொலிசில் விபத்தும் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளைகளுடையதையும் பாருங்கள். மலையிலிருந்து மீட்டு இறக்குகிற செலவில் அடிப்படைக் காப்புறுதி பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங் வரை. ஹெலிகொப்டரில் வந்து மீட்கிற ரெகா அமைப்பில் குடும்பமாக ஆதரவாளர் ஆகிவிடுவது நல்லது. அவர்களின் அவசர இலக்கம் 1414, நாலு பேரின் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

வைத்தியர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சைக்கிள் சோதனையிலோ முழங்காலிலோ ஏதாவது கண்டால் மேலே சொன்ன கிழமைக் கணக்கை மாற்றவேண்டியிருக்கும்.